வராதவர்களையும் சேர்த்து எண்ணியபோது: வேலூர் மாவட்ட ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் ரத்த அழுத்தச் சிகிச்சை – நிகழ்வு ஆய்வு

வேலூர் மாவட்டத்தின் மேற்கே, ஆந்திர எல்லை மலையடிவாரத்தை ஒட்டிய ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறோம். நிலையம், அதன் பணியாளர்கள், ஆலோசனை சொல்ல வந்த பன்னாட்டு அமைப்பு எதற்கும் பெயர் தரவில்லை. சுற்றியுள்ள ஊர்களில் பீடி சுற்றுதல், தீப்பெட்டி வேலை, தோல் தொழிற்சாலைக் கூலி, கொஞ்சம் நெசவு, மானாவாரி நிலக்கடலை. ஆண்களில் பலர் பெங்களூருவில் வேலை செய்து, வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை ஊர் வருகிறவர்கள். ஓ.பி. வரிசையில் தமிழ், உருது, தெலுங்கு மூன்றும் கேட்கும்.

பின்னணி

தமிழ்நாட்டில் பிரஷர், சுகர் நோய்களுக்கான அரசுத் திட்டத்தில் வெளிநாட்டுக் கடனும் ஆலோசனையும் தொடக்கம் முதலே உண்டு. உலக வங்கி உதவியோடு 2005-ல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தின் கீழ், இதய நோய்த் தடுப்புக்கான முன்னோடிப் பணி விருதுநகர், சிவகங்கை மாவட்டங்களில் நடந்தது. பின்னர் மாநிலம் முழுவதும் விரிந்தது. 2019 மார்ச்சில் உலக வங்கி ஒப்புதல் தந்த 28.7 கோடி டாலர் சீர்திருத்தத் திட்டம் வேறு வகையைச் சேர்ந்தது. கட்டடத்துக்கும் கருவிக்கும் ரசீது காட்டிப் பணம் பெறும் முறை இதில் இருக்கவில்லை. முன்கூட்டியே ஒப்புக்கொண்ட விளைவுகள் எட்டப்பட்டன என்று சரிபார்த்த பிறகே பணம் விடுவிக்கப்பட்டது. அந்த விளைவுகள் மாநில அளவிலானவை. ஒரு தனி நிலையத்தின் எண்ணைப் பார்த்து யாரும் பணம் தரவில்லை. ஆனால் கீழ்மட்டத்தில் அது அப்படிப் புரிந்துகொள்ளப்படவில்லை. மாவட்ட ஆய்வுக் கூட்டத்தில் எண் குறைந்தால் நிதி நின்றுவிடும் என்ற அச்சம் செவிலியர் வரை இறங்கியிருந்தது.

மருத்துவ வழிமுறையும் வெளியிலிருந்து வந்த அறிவோடு சேர்ந்தே உருவானது. உலக சுகாதார நிறுவனம் 2016-ல் வெளியிட்ட, இதய நோய்த் தடுப்புக்கான ‘ஹார்ட்ஸ்’ வழிகாட்டித் தொகுப்பின் அடிப்படையில், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் மத்திய, மாநில அரசுகளும் 2017-ல் இந்திய ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முன்முயற்சியைத் தொடங்கின. அதன் சாரம் எளிமையானது: எல்லோருக்கும் ஒரே மருந்துப் படிவரிசை, தடையில்லாத மாத்திரை, குழுவாகச் சிகிச்சை, நோயாளிக்கு அருகிலேயே மருந்து, ஒவ்வொருவரையும் பின்தொடரும் பதிவு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டு சென்றது.

இன்னொரு எண்ணையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். 2020-ல் தமிழ்நாட்டில் வீடு வீடாக நடந்த, தொற்றா நோய்களுக்கான ஸ்டெப்ஸ் ஆய்வு, பெரியவர்களில் 33.9 சதவீதத்தினருக்கு ரத்த அழுத்தம் இருப்பதாகவும், அவர்களில் 7.3 சதவீதத்தினருக்கே அது கட்டுக்குள் இருப்பதாகவும் காட்டியது. நாம் பேசும் நிலையத்தின் சுவரிலோ, பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கட்டுக்குள் என்று வரைபடம் தொங்கியது. ஊர் முழுவதையும் எண்ணும் ஆய்வும் பதிவானவர்களை மட்டும் எண்ணும் நிலையமும் ஒரே எண்ணைத் தராது. ஆனாலும் இடைவெளி இவ்வளவு பெரிதாக இருந்ததால்தான் சந்தேகம் எழுந்தது.

முதல் வருகை

மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கிய அடுத்த ஆண்டில் ஆலோசனைக் குழு வந்தது: வெளிநாட்டு நோய்ப்பரவலியல் நிபுணர் ஒருவர், மருந்து வழங்கலில் அனுபவம் உள்ள ஒருவர், சென்னையிலிருந்து ஓர் ஒருங்கிணைப்பாளர். நிலையத்தில் அரை நாள் இருந்தார்கள். சுவர் வரைபடத்தைப் பார்த்தார்கள், மருத்துவ அலுவலரிடம் பேசினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். அவர்களின் வரைவு அறிக்கையில் மூன்று பரிந்துரைகள்: செவிலியருக்குக் கைக்கணினியும் புதிய செயலியும், மாவட்டத் தலைநகரில் இரண்டு நாள் பயிற்சி, எண்களைக் காட்டும் மின்பலகை.

மூன்றில் எதுவும் தவறான யோசனை அல்ல. ஆனால் மூன்றும் எந்த ஊருக்கும் எழுதக்கூடியவை. வட்டார மருத்துவ அலுவலர் அந்த வரைவை மறுத்து எழுதவில்லை. அடுத்த முறை வரும்போது தொடர்ந்து மூன்று வேலை நாள் ஒதுக்கி, தொற்றா நோய்ப் பிரிவின் மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். குழு ஒப்புக்கொண்டது. இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட முடிவுகளிலேயே பெரியது இதுதான் என்று கருதுகிறோம்.

மேசைக்குப் பக்கத்தில் கண்டது

முதல் நாள் காலையில் யாரையும் எதுவும் கேட்கவில்லை. கடைசியாக வந்த ஐம்பது பேரின் சிகிச்சை அட்டைகளை எடுத்து, ரத்த அழுத்த அளவின் கடைசி இலக்கத்தை மட்டும் ஒரு தாளில் கோடு போட்டு எண்ணினார்கள். டிஜிட்டல் கருவி காட்டுவதை அப்படியே எழுதினால் 0 முதல் 9 வரை எல்லா இலக்கமும் ஏறக்குறைய சமமாக வரும். பூஜ்யத்தில் முடிவது பத்தில் ஒன்றாக இருக்கும். (பழைய பாதரசக் கருவியில் கோடுகள் இரண்டிரண்டாக ஏறுவதால் ஐந்தில் ஒன்று.) இங்கே பாதிக்கு மேற்பட்ட அட்டைகளில் 130/80, இல்லையென்றால் 120/80. பத்து நிமிட வேலை. யாரையும் விசாரிக்காமல், அளந்து எழுதியதா, எழுதிவைத்ததா என்று காட்டிவிடும் இந்தச் சோதனையை எந்த நிலையத்திலும் செய்து பார்க்கலாம்.

செவிலியர் இதை மறைக்கவில்லை. காரணத்தையும் சொன்னார். இரண்டு கருவிகளில் ஒன்றில், கையில் சுற்றும் பட்டையின் ஒட்டும் துணி தேய்ந்து, காற்று ஏறும்போது அவிழ்ந்துவிடும். மற்றொன்றில் பேட்டரி பாதி வரிசையில் தீர்ந்துவிடும். வெறும் வயிற்றில் சுகர் பார்க்க வந்தவர்கள் பசியோடு நிற்பார்கள். பஸ் நிறுத்தத்திலிருந்து வெயிலில் நடந்து வந்தவர் நேராக ஸ்டூலில் உட்கார, கையைத் தொங்கவிட்டபடி, சட்டைக் கைக்கு மேலேயே பட்டை சுற்றப்படும். அப்படி அளந்தால் அளவு ஏறித்தான் காட்டும். ஓய்வெடுக்காதது, பேசிக்கொண்டிருப்பது, கைக்குத் தாங்கல் இல்லாதது, சிறுநீரை அடக்கிக்கொண்டிருப்பது ஒவ்வொன்றும் அளவை உயர்த்தும். இருந்த பட்டையும் நடுத்தர அளவு. 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்கானது. பருத்த கைக்கு அதைச் சுற்றினாலும் அளவு கூடும். இப்படிப் பொய்யாக உயர்ந்த அளவுகளைப் பல மாதம் பார்த்த செவிலியருக்குக் கருவி மேலேயே நம்பிக்கை போய்விட்டது. 162 என்று காட்டினால் நடந்து வந்த களைப்பு என்று தள்ளி, போன மாத அளவையே எழுதினார். அந்த 162-களில் சில உண்மையான 162.

இரண்டாவது கண்டறிதல் கணக்கில் இருந்தது. நிலையம் அந்த மாதம் வந்தவர்களுக்குள் மட்டும் எத்தனை பேருக்குக் கட்டுக்குள், அதாவது 140/90-க்குக் கீழே, என்று பார்த்தது. புரிவதற்காக ஒரு கணக்கு: பதிவானவர் 100 என்று வைத்துக்கொள்வோம். வந்தவர் 40, அவர்களில் 32 பேருக்குக் கட்டுக்குள். வந்தவர்களால் வகுத்தால் 80 சதவீதம். பதிவானவர்களால் வகுத்தால் 32 சதவீதம். வராத 60 பேர் முதல் கணக்கில் இல்லவே இல்லை. காலாண்டுக் குழு முறை இதைத் தவிர்க்கிறது. ஜனவரி முதல் மார்ச் வரை பதிவானவர்கள் அனைவரையும் ஒரு குழுவாக வைத்து, ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான அவர்களின் கடைசி அளவைப் பார்க்க வேண்டும். கட்டுக்குள், கட்டுக்கு மேல், வரவில்லை என்ற மூன்று பெட்டிகளில் ஏதாவது ஒன்றில் ஒவ்வொருவரும் விழுந்தாக வேண்டும்.

இதில் எதிர்த்திசைப் பிழையும் இருந்தது, அதைக் கண்டுபிடித்தவர் வெளிநாட்டு நிபுணர் அல்ல, கிராம சுகாதார செவிலியர். வராதவர்கள் பட்டியலை அவரிடம் காட்டியதும், இதில் பலருக்கு மக்களைத் தேடி மருத்துவத்தின் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டிலேயே மாத்திரை கொடுத்து அளவும் பார்க்கிறாரே என்றார். தன்னார்வலரின் நோட்டில் இருந்த அளவு நிலையத்தின் அட்டைக்கு வந்து சேரவில்லை. சிகிச்சையில் இருப்பவரே இங்கே தவறியவராகத் தெரிந்தார்.

மூன்றாவது, மருந்து. படிவரிசைப்படி முதலில் அம்லோடிபின் 5 மி.கி. ஒரு மாதத்தில் கட்டுக்குள் வராவிட்டால் டெல்மிசார்டன் 40 மி.கி. சேர்க்க வேண்டும், அதன் பிறகு மருந்தளவுகளை உயர்த்துவதும், குளோர்தாலிடோன் சேர்ப்பதும். (கருவுற்றவருக்கும் கருவுறும் வாய்ப்புள்ளவருக்கும் டெல்மிசார்டன் கூடாது.) அட்டைகளில் ஏறக்குறைய எல்லோரும் ஆண்டுக்கணக்கில் முதல் படியிலேயே நின்றார்கள். டெல்மிசார்டன் கையிருப்பு இல்லை. மருந்தாளுநரின் இன்டென்டில் (கிடங்குக்கு அனுப்பும் மருந்துக் கேட்புப் பட்டியலில்) அது எழுதப்பட்டிருக்கவும் இல்லை. இன்டென்ட், கடந்த மாதச் செலவைப் பார்த்துப் போடப்படுகிறது. இல்லாத மருந்துக்குச் செலவு பூஜ்யம், ஆகவே கேட்பும் பூஜ்யம். கேட்காத மருந்தை மாவட்டக் கிடங்கு அனுப்பாது. கிடங்கில் மருந்து இருந்தது. மருத்துவரும், இல்லாத மருந்தை எழுதிப் பயனில்லை என்று எழுதுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார். ஒருவர் தவறு என்று சொல்ல முடியாதபடி பலர் சேர்ந்து பூட்டிய பூட்டு இது.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

மூன்றாம் நாள் மாலை வட்டார மருத்துவ அலுவலரின் அறையில் பேசி முடிவெடுத்தார்கள். முதல் கேள்வி, சுவரில் உள்ள எண்ணை என்ன செய்வது? கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் காட்டலாம் என்ற யோசனை வந்தது. அப்படிச் செய்தால் அடுத்து வரும் எந்த எண்ணையும் நம்ப முடியாது என்பதால் அது கைவிடப்பட்டது. அடுத்த காலாண்டிலிருந்து குழு முறையில் கணக்கிட்டு, ‘கணக்கிடும் முறை மாறியது’ என்ற குறிப்போடு அனுப்புவது என்று முடிவாயிற்று. ஆலோசனைக் குழு தன் அறிக்கையில் அதே வரியை எழுதித் தர ஒப்புக்கொண்டது. வெளியாரின் கையெழுத்து உண்மையிலேயே பயன்பட்ட இடம் இது. மாவட்டக் கூட்டத்தில் செவிலியர் தனியாக நின்று விளக்க வேண்டிய நிலை வரவில்லை.

செயலி வேண்டாம் என்று முடிவானது. செவிலியர் ஒரே நோயாளியை ஓ.பி. பதிவேடு, தொற்றா நோய்ப் பதிவேடு, சிகிச்சை அட்டை, மருந்துப் பதிவேடு, இணையப் பதிவு, மாதப் பட்டியல் என்று ஏற்கெனவே ஆறு இடங்களில் எழுதிக்கொண்டிருந்தார். ஏழாவதைச் சேர்ப்பதற்குப் பதிலாக, அட்டையில் இருப்பதையே திருப்பி எழுதும் மாதப் பட்டியல் நிறுத்தப்பட்டது.

அட்டைகளை அடுக்க ஒரு பழைய உத்தி. பக்கத்துக் காலணித் தொழிற்சாலையிலிருந்து பன்னிரண்டு காலி அட்டைப்பெட்டிகள் வாங்கி, மாதத்துக்கு ஒன்று என்று பெயரிட்டார்கள். நோயாளி வந்து போனதும் அவருடைய அட்டை, அவர் அடுத்து வரவேண்டிய மாதத்தின் பெட்டிக்குப் போகும். மாத முடிவில் அந்த மாதப் பெட்டியில் மிஞ்சி நிற்பவர்கள்தான் தவறியவர்கள். பட்டியலைத் தனியாகத் தயாரிக்க வேண்டியதில்லை. மிஞ்சிய அட்டைகளை ஊர்வாரியாகப் பிரித்து, தன்னார்வலர்களோடு மாதம் ஒருமுறை உட்கார்ந்து, அவர்களின் நோட்டு அளவுகளைச் சிவப்பு மையில் அட்டைக்கு ஏற்றுவது என்று வைத்தார்கள்.

அளப்பதற்கு ஒரு மூலை ஒதுக்கினார்கள். மூன்று நாற்காலி வரிசையாக. முதல் நாற்காலியில் உட்கார்ந்தவர் மூன்றாவதுக்கு நகர்வதற்குள் ஐந்து நிமிடம் ஆகிவிடும். ஓய்வெடுங்கள் என்று யாரும் சொல்லவே வேண்டியதில்லை. கைக்கு மேசை, முதுகுக்குச் சாய்மானம், இரு பாதமும் தரையில். பட்டை வெறும் கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரற்கடை மேலே. 32 செ.மீ.க்கு மேற்பட்ட கைக்குப் பெரிய பட்டை. எந்தப் பட்டை என்று தெரிய மேசை விளிம்பிலேயே அளவு நாடா ஒட்டப்பட்டது. முதல் அளவு 140/90 அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு நிமிடம் கழித்து இரண்டாவது அளவு. காட்டியதை அப்படியே எழுத வேண்டும். பேட்டரி இரண்டு செட், மின்னேற்றக் கூடியவை. மாதம் ஒருமுறை ஒரே ஆளுக்கு இரண்டு கருவியிலும் பார்த்து ஒப்பிடுவது.

மருந்துக் கணக்கைச் செலவிலிருந்து ஆள் எண்ணிக்கைக்கு மாற்றினார்கள். எடுத்துக்காட்டாக, சிகிச்சையில் 600 பேர், அவர்களில் பத்தில் நான்கு பேருக்கு இரண்டாம் மருந்து தேவை என்று கொண்டால்: அம்லோடிபின் 600 × 30 = 18,000 மாத்திரை; டெல்மிசார்டன் 240 × 30 = 7,200. அதோடு ஒரு மாத இருப்பு கூடுதலாக. கிடங்குக்கு முதல்முறை இப்படிக் கேட்டபோது, திடீரென ஏன் இவ்வளவு என்று கேள்வி வந்தது. இந்தக் கணக்கையே ஒரு பக்கத்தில் எழுதி இணைத்ததும் தந்துவிட்டார்கள்.

ஒரு கருத்து வேறுபாடும் இருந்தது. படிவரிசைப்படி இரண்டாம் மருந்தைச் செவிலியரே சேர்க்கலாம், பல நாடுகளில் அப்படித்தான் என்றார் நிபுணர். மருந்தை மாற்றி எழுதும் அதிகாரம் இங்கே மருத்துவருடையது. நாளை ஏதாவது ஆனால் செவிலியருக்குப் பாதுகாப்பு இல்லை என்றார் வட்டார மருத்துவ அலுவலர். இரண்டாம் அளவும் 140/90-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அட்டையின் மூலையில் சிவப்புக் குறியிட்டு, அவரை அன்றே, வரிசையில் மறுபடி நிறுத்தாமல், மருத்துவரிடம் அனுப்புவது என்று தீர்மானமாயிற்று. வேறு நாட்டு அனுபவத்தை இங்கே கொண்டு வரும்போது, அதன் நோக்கத்தை எடுத்துக்கொண்டு வடிவத்தை விட்டுவிட்ட சரியான முடிவு என்றே இதைப் பார்க்கிறோம்.

பீடி சுற்றும் பெண்களுக்கு நாள் கணக்கு கிடையாது, ஆயிரம் பீடிக் கணக்குதான். காலை வரிசையில் நின்றால் அரை நாள் கூலி போய்விடும். அவர்களுக்காகத் துணை சுகாதார நிலையத்தில் மாதம் இரண்டு பிற்பகல் ஒதுக்கப்பட்டது.

பிறகு நடந்தது

முதல் காலாண்டில் எண் பழையதில் பாதிக்கும் கீழே இறங்கியது. மாவட்டக் கூட்டத்தில் கேள்வி எழுந்தது, விளக்கம் ஏற்கப்பட்டது. அருகிலிருந்த வேறு இரண்டு நிலையங்களும் தங்கள் அட்டைகளில் கடைசி இலக்கத்தை எண்ணிப் பார்த்தன.

இரண்டாம் மாதம் ஒரு பின்னடைவு. முதியவர் ஒருவர் தலைசுற்றலோடும் கால் வீக்கத்தோடும் வந்தார். தன்னார்வலர் வீட்டில் கொடுத்ததையும், நிலையத்தில் வாங்கியதையும் வேறு வேறு மாத்திரை என்று எண்ணி, அம்லோடிபினை இரட்டிப்பாக விழுங்கியிருக்கிறார். மருந்தளவு மிஞ்சினால் கணுக்கால் வீங்குவது அந்த மருந்தின் தெரிந்த பக்க விளைவு. மாத்திரையைச் சரிசெய்து, சில நாள் கண்காணித்ததில் தேறினார். வீட்டிலும் நிலையத்திலும் மருந்து தரும் ஏற்பாட்டில் இந்த ஆபத்து உண்டு என்பதை முன்பே யோசித்திருக்க வேண்டும். அன்றிலிருந்து யார் எங்கே மருந்து தந்தாலும், நோயாளி கையிலிருக்கும் தனி அட்டையில் தேதியும் எண்ணிக்கையும் எழுதிய பிறகே தருவது என்ற விதி வந்தது.

மே மாதம் வந்தவர்களின் அளவுகள் பளிச்சென்று இறங்கின. வேலூர் வெயிலில் ரத்த நாளங்கள் விரிவதால் அழுத்தம் இயல்பாகவே குறையும். கோடைக் காலாண்டை மார்கழியோடு ஒப்பிட்டு முன்னேற்றம் என்று சொல்லக் கூடாது. அதே வெயிலில் மயக்கம் வருகிறது என்று மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துகிறவர்களும் உண்டு. வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. அந்த வாரம் முழுவதும் வரிசை காலி. ரமலான் மாதத்தில் நோன்பிருப்பவர்களுக்கு, நாளுக்கு ஒருமுறை மாத்திரையை நோன்பு திறக்கும் நேரத்துக்கு மாற்றிச் சொல்ல வேண்டியிருந்தது. அப்படிச் சொல்லப்படாதவர்கள் முப்பது நாளும் மாத்திரை போடாமல் வந்தார்கள்.

அடுத்தடுத்த காலாண்டுகளில் ‘வரவில்லை’ பெட்டி சுருங்கியது. அதில் பெரும்பங்கு தன்னார்வலர் நோட்டு அட்டையோடு சேர்ந்ததால் வந்தது. டெல்மிசார்டன் வந்ததும் ‘கட்டுக்கு மேல்’ பெட்டியும் குறையத் தொடங்கியது. இடையில் செவிலியர் இடமாற்றம் பெற்றார். பொறுப்பேற்றவருக்குக் காலணிப் பெட்டிகள் எதற்கென்று யாரும் சொல்லவில்லை. இரண்டு மாத அட்டைகள் கலந்துபோய், சரிசெய்ய ஒரு மாதம் பிடித்தது. ஏறக்குறைய ஓராண்டு கழித்து ஆலோசனைக் குழு திரும்பி வந்து, பட்டியலில் சிலரைக் குலுக்கலில் எடுத்து வீட்டில் போய் அளந்தது. பெரும்பாலும் அட்டையோடு ஒத்துப்போனது. ஒத்துப்போகாதவர்கள் பெங்களூருவில் வேலை செய்யும் ஆண்கள். மனைவி அவர்களுக்காக மாத்திரை வாங்கிச் சென்றிருந்தார். அளவு மட்டும் யாரும் பார்த்திருக்கவில்லை.

இன்னொரு முறை செய்தால் மாற்றுவது

முதல் அரை நாள் வருகை தேவையில்லை. ஆலோசனை ஒப்பந்தத்திலேயே, வரைவு அறிக்கைக்கு முன் குறைந்தது மூன்று நாள் ஒரே நிலையத்தில் இருப்பது என்று எழுதிவிட வேண்டும். பரிந்துரைகளில் ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதனால் செவிலியர் எழுதும் இடம் ஒன்று கூடுகிறதா, குறைகிறதா என்று ஒரு பத்தி இருக்க வேண்டும்.

வீட்டு மருந்தையும் நிலைய மருந்தையும் ஒரே அட்டையில் சேர்ப்பதை முதல் வாரத்திலேயே செய்ய வேண்டும். இடமாற்றத்தின்போது கருவி, மருந்து இருப்போடு பெட்டி அடுக்கும் முறையையும் ஒப்படைப்புப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

வெளியூரில் வேலை செய்யும் ஆண்களுக்கு இந்த ஏற்பாட்டில் இன்னும் வழி இல்லை. வாரக் கடைசியில் ஊர் வருகிறவர்களைப் பார்க்க ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் திறப்பது பேசப்பட்டது. அன்று பணியிலிருக்கும் ஒரே செவிலியர் பிரசவ அறையையும் பார்க்க வேண்டியிருப்பதால் அது தொடங்கப்படவில்லை. இப்போதைக்கு, மனைவி மாத்திரை வாங்கிச் செல்லும் அட்டைகளில் ‘அளக்கவில்லை’ என்று எழுதி, அவற்றைக் ‘கட்டுக்குள்’ பெட்டியில் சேர்க்காமல் வைத்திருக்கிறார்கள்.